இழைப்புளி பிளேடு தீட்ட ஜிக் தேவையா, வெறுங்கை போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரிமங்கலத்துக்கு அருகில் ஒரு சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஓசூர் பக்கங்களிலிருந்து தொழில் பழகும் இளைஞர்களும், வேலை நேரம் போக வீட்டில் மரவேலை செய்பவர்களும் இங்கே வருவதுண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இழைப்புளி பிளேடு தீட்டுவதைப் பற்றியவையாகவே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். பிளேட்டின் தட்டையான பக்கத்தை முதுகு என்றும், சாய்வாக அரைக்கப்பட்ட பகுதியைச் சரிவு என்றும் குறிப்பிடுகிறேன். இவ்விரண்டும் சந்திக்கும் கோடுதான் கூர்முனை.

ஜிக் என்றால் என்ன? அது என்ன வேலை செய்கிறது?

பிளேட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் உருளையின் மேல் கல்லில் முன்னும் பின்னும் ஓடும் சிறு கருவி அது. நம் பக்கத்துக் கருவிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிளேட்டை இரு பக்கவாட்டிலும் திருகு வைத்து நெருக்கிப் பிடிக்கும் வகை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உருவான எக்லிப்ஸ் 36 என்ற ஜிக்கின் அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்டவை இவை. பிளேட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் வகையும் உண்டு. கனடாவின் வெரிட்டாஸ் ஜிக் அந்த இனம். எந்த வகையானாலும் அது செய்யும் வேலை ஒன்றுதான்: நீங்கள் எத்தனை முறை தள்ளினாலும் இழுத்தாலும் சரிவு கல்லோடு சேரும் கோணத்தை மாறாமல் வைத்திருக்கிறது. பிசிறு (தேய்க்கும்போது முனையில் எழும் மெல்லிய உலோக இழை) எழுந்ததா, முதுகு தட்டையாக இருக்கிறதா, கல் குழிந்திருக்கிறதா என்பவற்றையெல்லாம் அது பார்த்துக்கொள்ளாது. ஜிக் வாங்கியும் கூர் வரவில்லை என்று வருந்துபவர்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டில் எது சிறந்தது?

பிளேட்டின் தடிமனைப் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்வேன். இந்தக் கேள்வியை ஆளின் திறமையைப் பற்றிய கேள்வியாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் திறமைக்கு முன்னால் தடிமன் வந்து நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். இரும்பு இழைப்புளியில் வரும் சாதாரண பிளேடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதை 25 டிகிரியில் அரைத்தால் சரிவின் அகலம் 4.7 மில்லிமீட்டர்தான் வரும். வெறுங்கையால் தீட்டும்போது பிளேடு கல்லின் மேல் உட்காருவதற்கு இருக்கும் இடம் அவ்வளவே. 50 மில்லிமீட்டர் அகலமும் அதைப்போல் மூன்று மடங்கு நீளமும் உள்ள ஒரு தகட்டை, அரை விரற்கடைகூட இல்லாத பாதத்தின் மேல் ஆடாமல் நிறுத்த வேண்டியிருக்கிறது. நம் பெரியவர்கள் பயன்படுத்திய மர இழைப்புளியின் பழைய பிளேடு முனைப்பக்கத்தில் நாலரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். அதே 25 டிகிரியில் அதன் சரிவு பத்தரை மில்லிமீட்டர் அகலம் வரும். அதைக் கல்லில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால்கூடச் சில நேரம் தானே நிற்கும். ஜப்பானியத் தச்சர்களின் இழைப்புளி பிளேடு இன்னும் தடித்தது. அங்கே வெறுங்கையால் தீட்டுவதே வழக்கமாக நிலைத்திருப்பதற்கு அந்த அகன்ற சரிவும் ஒரு காரணம்.

ஆகவே மெல்லிய பிளேடும் பழகாத கையும் ஒன்றாக இருக்கும்போது ஜிக் வையுங்கள். தடித்த பிளேடாக இருந்தால் முதல் நாளிலிருந்தே வெறுங்கையால் பழகலாம். மெல்லிய பிளேட்டையும் வெறுங்கையால் தீட்ட முடியும், நானும் அப்படித்தான் தீட்டுகிறேன். ஆனால் அதை முதல் பாடமாக யாருக்கும் வைப்பதில்லை.

ஜிக் வைத்துத் தீட்டியும் கூர் வரவில்லையே, ஏன்?

பத்தில் எட்டுப் பேரிடம் நான் பார்க்கும் காரணம், பிசிறு எழுவதற்கு முன்பே அடுத்த கல்லுக்குப் போய்விடுவதுதான். சரிவைக் கல்லில் தேய்க்கும்போது, தேய்மானம் முனைவரை எட்டியவுடன் மெல்லிய உலோக இழை ஒன்று முதுகுப் பக்கமாக மடங்கி எழும். விரலின் சதையை முதுகிலிருந்து முனைக்கு வெளியே போகும்படி மெதுவாக இழுத்தால் அது சொரசொரவென்று தட்டுப்படும். இடது மூலையிலிருந்து வலது மூலை வரை ஓரிடம் விடாமல் அது தட்டுப்பட வேண்டும். நடுவில் மட்டும் தட்டுப்பட்டு மூலைகளில் இல்லையென்றால், மூலைகளில் பழைய மழுங்கல் அப்படியே இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் எவ்வளவு நயமான கல்லில் எத்தனை நேரம் தேய்த்தாலும் மழுங்கலுக்கு மெருகு ஏறுமே தவிரக் கூர் வராது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பென்னாகரத்துப் பெரியவர் இதை வெளிச்சத்தில் காட்டுவார். பிளேட்டின் முனையைத் தம் கண்ணுக்கு நேராக நிறுத்தி, சன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சாய்ப்பார். மழுங்கிய இடம் வெளிச்சத்தை வாங்கி வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடம் எதையும் வாங்காமல் கறுப்பாகவே இருக்கும். "வெள்ளை மறையற வரைக்கும் கல்லை விட்டு எழுந்திரிக்காத தம்பி" என்பார். ஜிக் வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் அது பொருந்தும்.

இரண்டாவது காரணம் முதுகு. கூர்முனை இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு என்பதால், ஒரு முகத்தைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு மறு முகத்தில் கடை அரைவையின் கீறல்களை விட்டுவைத்தால் கோடு அந்தக் கீறல்களின் தரத்தில்தான் இருக்கும். புதிய பிளேடு வாங்கியவுடன், முனையை ஒட்டிய 15 மில்லிமீட்டர் அளவுக்காவது முதுகைத் தட்டையாக்கி மெருகேற்றுங்கள். முழு முதுகும் தேவையில்லை. இந்த வேலைக்கு ஜிக் எதுவும் கிடையாது, வெறுங்கைதான். காலமெல்லாம் ஜிக் வைப்பவரும் பாதி வேலையை வெறுங்கையால்தான் செய்கிறார் என்பது இதனால் விளங்கும். முதுகு தட்டையாகவே வராத பிளேடுகளுக்கு, இங்கிலாந்துக் கைவினைஞர் டேவிட் சார்லஸ்வொர்த் பரப்பிய ஒரு வழி உண்டு. கடைசி நயமான கல்லின் ஒரு விளிம்பில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு அடிக்கோலை வைத்து, பிளேட்டின் பின்பகுதியை அதன் மேல் ஏற்றி, முனையை மட்டும் கல்லில் படவிட்டுத் தேய்க்க வேண்டும். முதுகில் ஒரு மிகச் சிறிய சரிவு உண்டாகி, மெருகு முனைக்குச் சரியாக எட்டும்.

எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும்?

வழக்கமான இரும்பு இழைப்புளியில் பிளேடு 45 டிகிரியில், சரிவு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி உட்கார்ந்திருக்கும். முதல் சரிவை 25 டிகிரியில் அரைத்து, முனையில் மட்டும் 30 டிகிரியில் மெல்லிய இரண்டாம் சரிவு வைப்பது நெடுநாளைய வழக்கம். அதை மாற்றுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்பட்டதில்லை. 30 டிகிரி வைத்தால் சரிவுக்கும் மரத்துக்கும் நடுவே 15 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளி இருப்பதால்தான் முனை மரத்தைக் கடிக்கிறது.

ஒரு கையால் பிடிக்கும் சிறிய பிளாக் இழைப்புளியில் சரிவு மேல்பக்கம் பார்க்கும். அங்கே பிளேடு உட்காரும் படுக்கைக் கோணமும் சரிவுக் கோணமும் கூட்டிக்கொள்ளும்: 12 டிகிரிப் படுக்கையில் 25 டிகிரிச் சரிவு வைத்தால் மரத்தை 37 டிகிரியில் வெட்டும். அந்தப் பிளேட்டின் கோணம் மாறினால் வெட்டும் கோணமே மாறிவிடும் என்பதால் அதற்கு நான் எப்போதும் ஜிக்கைத்தான் எடுக்கிறேன்.

ஜிக்கிலிருந்து பிளேடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

பக்கவாட்டில் பிடிக்கும் எக்லிப்ஸ் வகையில் இழைப்புளி பிளேடு 50 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் 25 டிகிரியும், 38 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் 30 டிகிரியும் கிடைக்கும். உளியைக் கீழே உள்ள பள்ளத்தில் மாட்டுவதால் அதன் அளவுகள் வேறு: 25 டிகிரிக்கு 40 மில்லிமீட்டர், 30 டிகிரிக்கு 30 மில்லிமீட்டர். நகல் ஜிக்குகளில் இவை சற்று முன்பின்னாக இருக்கும் என்பதால், ஒருமுறை தீட்டிவிட்டுக் கோணமானி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த பிளேடு மாட்டினாலும் கணக்கு மாறும்.

ஆனால் இந்த எண்களுக்காகக் கவலைப்பட வேண்டாம். 12 மில்லிமீட்டர் மாறினால்தான் 5 டிகிரி மாறுகிறது என்றால், ஒரு மில்லிமீட்டர் பிழை அரை டிகிரிகூட ஆகாது. 30 டிகிரி என்பது 31 ஆனால் மரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. நேற்று 31, இன்று 29 என்று மாறிக்கொண்டே இருப்பதுதான் தொல்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் சரிவு முழுவதையும் புதிதாகத் தேய்க்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு ஒட்டுப்பலகைத் துண்டை எடுத்து, அதன் விளிம்பிலிருந்து 38 மில்லிமீட்டரிலும் 50 மில்லிமீட்டரிலும் இரண்டு சிறு கட்டைகளை ஆணி வைத்து அடித்துக்கொள்ளுங்கள். ஜிக்கைப் பலகையின் விளிம்பில் முட்டவைத்து, பிளேட்டின் முனை கட்டையைத் தொடும்வரை நீட்டித் திருகை முடுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே கோணம் கிடைக்கும். ஜிக்கை வாங்கிய அன்றே செய்துகொள்ள வேண்டியது இந்தப் பலகை.

ஜிக் வைத்தும் முனை ஒரு பக்கம் சாய்ந்து வருகிறது. எதைச் சரிபார்ப்பது?

முதலில் ஜிக்கையே பாருங்கள். நான் முதன்முதலில் வாங்கிய மலிவு ஜிக்கில், பிளேடு உட்காரும் படியில் பெயின்ட் கட்டியாகக் காய்ந்திருந்தது. பிளேடு ஒரு பக்கம் தூக்கியே நிற்கும். மூன்று வாரம் அந்தக் கோணலை என் கையின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெல்லிய அரத்தால் அந்தப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்ததும் பாதிக் கோணல் போய்விட்டது. அடுத்து, பிளேட்டை மாட்டிய பின் முனை உருளைக்கு இணையாக இருக்கிறதா என்று கல்லின் மேல் நிறுத்திப் பாருங்கள். அதற்கும் பிறகு கோணல் வந்தால் உங்கள் விரல் அழுத்தம்தான் காரணம். வலக்கைக்காரர்களுக்கு வலது மூலை அதிகம் தேய்வது இயல்பு. தேயாத மூலையின் மேல் விரலை வைத்துப் பத்துத் தடவை இழுத்தால் சரியாகிவிடும். மூலைமட்டத்தைப் பிளேட்டின் பக்கவாட்டில் வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறுங்கையால் தீட்டப் பழகுவது எப்படி?

முதலில் பிளேடு கல்லின் மேல் உட்காருவதை உணரக் கற்க வேண்டும். தள்ளுவதும் இழுப்பதும் பிறகுதான். கல்லில் தாராளமாக எண்ணெய் விட்டு, பிளேட்டின் சரிவை அதன் மேல் வையுங்கள். இப்போது பிளேட்டின் பின்பகுதியை மிக மெதுவாக உயர்த்துங்கள். சரிவின் குதிப்பகுதி (முனைக்கு எதிர்ப்புறமுள்ள பின் விளிம்பு) மட்டும் கல்லைத் தொட்டிருக்கும்வரை முனைக்கு முன்னால் எதுவும் நடக்காது. சரிவு முழுவதும் கல்லோடு படியும் அந்த நொடியில், முனையின் அடியிலிருந்து மெல்லிய எண்ணெய்க் கோடு ஒன்று முன்பக்கம் பிதுங்கி வரும். இன்னும் சற்று உயர்த்தினால் கோடு சற்றே தடிக்கும். அப்போது முனை மட்டும் கல்லில் நிற்கிறது. பெரியவர் என்னை ஒரு முழு நாள் தீட்டவே விடாமல் இதை மட்டும் செய்யவைத்தார். "கல்லைப் பார்க்காத, எண்ணெய் எங்க பிதுங்குதுன்னு பாரு" என்பதுதான் அன்று அவர் சொன்ன ஒரே வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டு பிளேட்டைக் கல்லில் வைத்து, அது படிந்துவிட்டது என்று விரல் சொல்லும்போது கண்ணைத் திறந்து எண்ணெய்க் கோட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு நாள்களில் விரலும் எண்ணெயும் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பிக்கும்.

படிந்த கோணத்தில் மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு, முழங்கையை விலாவோடு அணைத்து, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத் தீட்டுங்கள். கையை மட்டும் நீட்டி மடக்கினால், கை நீளும்போது பிளேடு சாய்ந்தும் மடங்கும்போது நிமிர்ந்தும் போகும். சரிவு உருண்டுவிடுவது அதனால்தான். நம் ஊர்ப் பழைய ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, கல்லைக் கால்விரல்களால் அணைத்துப் பிடித்துத் தீட்டுவார்கள். இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் அசையும், கை அசையாது. அவர்கள் தீட்டிய பிளேட்டில் சரிவு தட்டையாக இருப்பதற்கு அந்த இருக்கை பெரிய துணை. நின்று தீட்டுபவர்கள் கல்லை இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு, ஒரு காலை முன்வைத்து நின்றால் அந்த அசைவு ஓரளவு கிடைக்கும்.

மெல்லிய பிளேடாக இருந்தால் அதைக் கல்லின் நீளத்துக்கு நேராக வைக்காமல் சாய்த்துப் பிடியுங்கள். அப்போது ஓடும் திசையில் பிளேட்டுக்குக் கிடைக்கும் பாதம் நீண்டு, முன்பின் ஆட்டம் வெகுவாகக் குறையும். தள்ளும்போது ஆடுகிறது என்றால், சில நாள் இழுக்கும்போது மட்டும் அழுத்திப் பழகுங்கள்.

தீட்டிய பிளேடு கை முடியைச் சிரைக்கிறது. மரத்தில் வைத்தால் வழுக்குகிறது. எப்படி?

வெறுங்கையால் தீட்டிப் பழகுபவர்களுக்கே உரிய தொல்லை இது. பிசிறு விரைவில் எழ வேண்டும் என்ற அவசரத்தில் ஒவ்வொரு முறையும் கை சற்றுச் சற்றாக உயர்ந்து, முனையில் கோணம் 40 டிகிரியை நெருங்கிவிடுகிறது. 45 டிகிரிப் படுக்கையில் அப்போது 5 டிகிரி இடைவெளிதான் மிஞ்சும். முனை கூராகவே இருக்கும், முடியைச் சிரைக்கும், ஆனால் சரிவின் குதி மரத்தில் உரசி முனையைத் தூக்கிவிடும். பிளேட்டை மேலும் வெளியே தள்ளினால் திடீரென்று ஆழமாகக் கடித்து நின்றுவிடும். ஜிக்கில் மாட்டி 25 டிகிரிக்குத் திரும்ப அரைத்துக் கொண்டுவந்து, பிறகு 30 டிகிரியில் முனையை வையுங்கள். வெறுங்கையால் தீட்டுபவர்களிடமும் ஒரு ஜிக் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவே: மாதம் ஒருமுறை அது உங்கள் கை எங்கே போயிருக்கிறது என்று காட்டிவிடும்.

பால் செல்லர்ஸ் போன்ற அனுபவமிக்க தச்சர்கள் சரிவைச் சற்றுக் குவிந்த வடிவிலேயே வெறுங்கையால் தீட்டுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களது முறையில் முனையில் 30 டிகிரியில் தொடங்கி, தள்ளத் தள்ளக் கை தாழ்கிறது. குவிவு குதிப்பக்கம் விழுகிறது, முனையில் கோணம் ஏறுவதில்லை.

கிரைண்டரில் அரைத்துக்கொண்டால் வெறுங்கைத் தீட்டல் எளிதாகும் என்கிறார்களே?

உண்மை. ஆறு அங்குலச் சக்கரத்தில் அரைத்த சரிவு சக்கரத்தின் வளைவுக்கு ஏற்ப நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். அதைக் கல்லில் வைத்தால் குதி ஒரு கோட்டிலும் முனை ஒரு கோட்டிலுமாக இரண்டு இடங்களில் மட்டும் தொடும். இரண்டு கால் ஊன்றியதுபோல் பிளேடு தானே கோணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தேய்க்க வேண்டிய உலோகமும் குறைவு. மெல்லிய பிளேட்டை வெறுங்கையால் தீட்டுவதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இதுதான்.

ஆபத்து சூட்டில் இருக்கிறது. தொழில் பழகிய காலத்தில் ஒரு பட்டறையில் அவசரமாக அரைத்தபோது, முனையில் வைக்கோல் நிறம் ஓடி, நான் கையை எடுப்பதற்குள் நீலமாகிவிட்டது. வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் வரும், நீலம் 300ஐ ஒட்டி வரும். சாதாரணக் கார்பன் எஃகு அந்தச் சூட்டில் தன் கடினத்தை இழந்துவிடும். அந்த பிளேடு அதன்பின் நாலு பலகைகூடத் தாங்கவில்லை. நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்த பிறகுதான் கூர் நின்றது. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, முனைக்கு அருகில் விரலை வைத்தே அரையுங்கள். விரல் பொறுக்காத சூடு பிளேட்டுக்கும் வேண்டாம். முனைவரை அரைக்காமல் ஒரு மயிரிழை மிச்சம் விட்டு நிறுத்திவிடுங்கள்.

எந்தக் கல் வாங்குவது? நம் பக்கத்தில் என்ன கிடைக்கிறது?

ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமுமாக இருக்கும் எண்ணெய்க்கல் எல்லா ஊர்க் கருவிக் கடைகளிலும் கிடைக்கும். 1954இல் சென்னையில் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் கற்களைத்தான் நம் பக்கத்தில் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன் நயமான பக்கத்துக்கு மேல், பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு தடவிய தோல் பட்டை ஒன்று இருந்தால் தச்சு வேலைக்குப் போதும். ஜிக் வைப்பவர்கள் ஆறு அங்குலக் கல்லை வாங்க வேண்டாம்; உருளையும் கல்லின் மேலேயே ஓடுவதால் பாதி நீளம் வீணாகும். எட்டு அங்குலம் வாங்குங்கள்.

எண்ணெய்க்குச் சமையல் எண்ணெய் வேண்டாம். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். தையல் இயந்திர எண்ணெய் நல்லது. தண்ணீர்க்கல் வைத்திருப்பவர்கள், தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி என்பதை மறக்கக் கூடாது. தீட்டி முடித்ததும் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துருப்புள்ளி விழும்.

குழிந்த கல் இரண்டு முறைகளையும் கெடுக்கும், வெறுங்கைக்காரரைவிட ஜிக்காரரை அதிகமாகக் கெடுக்கும். பென்சிலால் கல்லின் மேல் கட்டம் போட்டு, தட்டையான பரப்பில் 120 எண் எமரித்தாளை ஒட்டித் தேய்த்தால், கட்டம் அழியாத இடம்தான் பள்ளம். தட்டையான பரப்புக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர் சாலையோரக் கிரானைட் பட்டறைகளில் மெருகிட்ட பலகைகளின் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். எஃகு அடிக்கோலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து வெளிச்சம் புகாத துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கல் வாங்கப் பணம் இல்லாத மாணவர்கள் அந்தத் துண்டின் மேலேயே 400, 800, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரை வரிசையாக ஒட்டி, ஜிக்கை ஓட்டித் தீட்டலாம். தாள் கிழியாமல் இருக்க இழுக்கும்போது மட்டும் அழுத்த வேண்டும்.

பிளேட்டின் மூலைகள் பலகையில் கோடு போடுகின்றன. ஜிக்கில் முனையை வளைவாகத் தீட்ட முடியுமா?

முடியும், உருளை குறுகலாக இருந்தால். அகன்ற உருளை பிளேட்டை நேராகவே பிடித்துவிடும். நயமாக இழைக்கும் பிளேட்டுக்கு மூலைகள் ஒரு தாளின் தடிமன் அளவு பின்வாங்கினால் போதும். இடது மூலையில் விரலை அழுத்திப் பத்து இழுப்பு, வலது மூலையில் பத்து, நடுவில் நாலு. முரட்டுப் பலகையைச் செதுக்கும் பிளேட்டுக்கு நல்ல வளைவு வேண்டும், அதை வெறுங்கையால்தான் செய்ய வேண்டும்.

வேம்பும் வேங்கையும் இழைக்கும்போது பிய்ந்து வருகிறது. தீட்டும் முறை இதற்கு உதவுமா?

இந்த மரங்களில் நார் ஓர் அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு அப்படியுமாகப் பின்னிக் கிடப்பதால், எந்த வாட்டத்தில் இழைத்தாலும் ஒரு பகுதி எதிர்வாட்டமாகவே அமையும். கூரான பிளேடு பாதிப் பிய்ச்சலை நிறுத்தும். மீதிக்கு, பிளேட்டின் மேல் திருகி வைக்கும் மேல்தகட்டை முனையிலிருந்து கால் மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கி வைத்துப் பாருங்கள். அந்தத் தகட்டின் விளிம்பு சுருளை உடனே மடக்கிவிடுவதால் நார் முன்னோடிக் கிழிவது நிற்கும். மேல்தகடு பிளேட்டின் முதுகோடு இடுக்கில்லாமல் படியும்படி அதையும் கல்லில் தீட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் சுருள் அங்கே போய் அடைத்துக்கொள்ளும்.

அதற்கும் அடங்காத பலகைக்கு, தனியாக ஒரு பிளேடு வைத்து அதன் முதுகில் 10 டிகிரியில் சிறு சரிவு போட்டால் வெட்டும் கோணம் 45இலிருந்து 55 ஆகும். தள்ளுவதற்குக் கனமாக இருக்கும், ஆனால் பிய்க்காது. இந்த முதுகுச் சரிவை வெறுங்கையால் முயல வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே 10 டிகிரி வர வேண்டுமென்பதால் இது முழுக்க ஜிக்கின் வேலை.

ஜிக் வைத்தால் தொழில் தெரியாதவர் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

சொல்பவர்களின் கையில் இருந்த பிளேடு எது என்று கேட்டுப் பாருங்கள். தடித்த பிளேட்டில் பதினாறு வயதிலிருந்து நாள்தோறும் நாலு முறை தீட்டியவர்கள் அவர்கள். அந்தக் கைக்கு ஜிக் தேவைப்படவில்லை. வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இழைப்புளியைத் தொடும் ஓசூர்த் தொழிற்சாலைப் பணியாளருக்கு அந்தப் பயிற்சி கிடைக்க வழியில்லை, அவர் கையில் இருப்பதும் 2 மில்லிமீட்டர் பிளேடு. அவரை ஜிக் வைக்காதே என்று சொல்வது, மழுங்கிய பிளேட்டோடு மல்லுக்கட்டி மரவேலையையே வெறுத்துவிட்டுப் போ என்று சொல்வதாகும். இப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் அன்றாடம் தொழில் செய்பவருக்கு என் கருத்து வேறு. தேக்கில் மணற்சத்து இருப்பதால் பிளேடு விரைவில் மழுங்கும். கதவு வேலை நடக்கும் நாளில் அரை மணிக்கு ஒருமுறைகூடத் தீட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஜிக்கில் மாட்டிக் கழற்ற ஐந்து நிமிடம் என்றால், இன்னும் கொஞ்சம் இழைத்துவிட்டுத் தீட்டலாம் என்று மனம் தள்ளிப்போடும், வேலை கெடும். வெறுங்கையால் தீட்டுபவர் ஒன்றரை நிமிடத்தில் திரும்பவும் பலகைக்கு வந்துவிடுவார். தொழிலாகச் செய்பவர்கள் ஆறு மாதத்துக்குள் வெறுங்கைக்கு வந்துவிட வேண்டும் என்று என்னிடம் பழகுபவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஜிக்கில் மாட்டவே முடியாத பிளேடுகள் எவை?

மிகக் குட்டையானவை, மிகக் குறுகலானவை, முனை சாய்வாக வெட்டப்பட்டவை. பள்ளம் எடுக்கும் இழைப்புளியின் ஆறு மில்லிமீட்டர் பிளேடு ஜிக்கில் மாட்டினாலும் இடமும் வலமுமாக ஆடும். இவற்றுக்காகவாவது வெறுங்கை பழகியிருக்க வேண்டும்.

போச்சம்பள்ளிச் சந்தையில் பழைய மர இழைப்புளி ஒன்று கிடைத்தது. பிளேடு துருப்பிடித்திருக்கிறது, ஜிக்கிலும் உட்காரவில்லை. பயன்படுமா?

உட்காராததற்குக் காரணம், அந்த பிளேடு முனைப்பக்கம் தடித்தும் பின்பக்கம் மெலிந்தும் இருப்பது. அதை வெறுங்கையால்தான் தீட்ட வேண்டும், தடித்த சரிவு இருப்பதால் எளிதாகவே வரும். துரு முதுகில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள்; முனையை ஒட்டிக் குழிகள் இருந்தால், குழி இல்லாத இடம்வரை முனையைப் பின்னுக்குத் தேய்த்துக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய பிளேடுகள் பலவற்றில் மெல்லிய கடின எஃகை மென்மையான இரும்பின் மேல் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். சரிவை நயமான கல்லில் சிறிது தேய்த்து வெளிச்சத்தில் திருப்பினால், முனையை ஒட்டிப் பளபளப்பாக ஒரு பட்டையும் அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு பரப்பும் தெரியும். பட்டையின் பக்கம்தான் எஃகு. முதுகைத் துடைத்துப் பார்த்தால் அந்த எஃகு பின்னோக்கி எங்கே முடிகிறது என்ற கோடும் தென்படும். முனையிலிருந்து அந்தக் கோடுவரை ஓர் அங்குலம் மிச்சம் இருந்தால், வீட்டு வேலைக்கு உங்கள் காலத்துக்கும் போதுமான எஃகு அதில் இருக்கிறது. கோடு முனையருகே வந்துவிட்டதென்றால் முன்பு வைத்திருந்தவர் அதைத் தீட்டித் தீட்டி முடித்துவிட்டார். கட்டையை வைத்துக்கொண்டு வேறு பிளேடு தேடுங்கள்.